தொட்டா உறுமுற குட்டிப் பசங்க: வாசகர் கேள்விகள்

இந்த தடவ வந்த கேள்வி எல்லாமே சுத்தி சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வருது. பிரஷ்ஷ பாத்தா ஓடுது, நகவெட்டிய எடுத்தா கட்டிலுக்கடியில போய் உக்காந்துக்குது, மீறி புடிச்சா கடிக்க வருது. எல்லாமே குட்டி நாய்ங்க, அதாவது வளந்தாலும் சின்னதாவே இருக்கற ஜாதிங்க. சரி, மத்த கேள்விங்கள அடுத்த தடவைக்கு தள்ளிட்டு இத மட்டும் பேசிடுவோம்.

கேள்வி: அக்கா, எங்க வீட்ல மூணு வயசு ஷிட்சூ இருக்கான், அஞ்சரை கிலோ. மடியில ஏறி படுத்துக்குவான், ராத்திரி என் காலடியிலதான் தூக்கம், ஆனா பிரஷ்ஷ கையில எடுத்தா வேற நாயா மாறிடுறான். வீட்டுக்காரர் ரெண்டு கையாலயும் அமுக்கி புடிச்சுக்குவாரு, நான் அவசர அவசரமா சீவிடுவேன், ஒரு வருஷமா இப்படித்தான் ஓடுது. முன்னாடியெல்லாம் உறுமுவான், அதட்டி அதட்டி அத நிறுத்திட்டோம். போன வாரம் சத்தமே இல்லாம வெடுக்குனு என் கைய கடிச்சுட்டான், ரத்தம் வந்துருச்சு. காதுக்கு பின்னாடி வேற சிக்கு கட்டி கெட்டியா கெடக்கு. செல்லம் குடுத்து கெடுத்துட்டீங்கன்னு பாக்கறவங்க எல்லாம் சொல்றாங்க. அப்படித்தானா அக்கா?
(பேர் போட வேணாம்னு சொன்ன வாசகி)

பதில்: மொதல்ல உங்க கைய பத்தி சொல்லிடுறேன்மா. நாய் கடிச்சா, அது நம்ம வீட்டு நாயா இருந்தாலும், சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும், அப்புறம் டாக்டர பாக்கணும். நீங்க அத பத்தி ஒண்ணுமே எழுதல. ஒரு வாரம் ஆயிடுச்சேன்னு விடாதீங்க, இன்னிக்கே போய் காட்டுங்க. ஊசி வேணுமா வேணாமாங்கறத அவங்க சொல்லட்டும்.

இப்ப அவன் விஷயத்துக்கு வரேன். செல்லம் குடுத்ததால இல்லம்மா. உங்க லெட்டர்ல ஒரு வரி இருக்கு பாருங்க, "அதட்டி அதட்டி நிறுத்திட்டோம்"னு, எல்லாம் அங்கதான் இருக்கு. உறுமல்ங்கறது சண்டைக்கு கூப்பிடுறது இல்ல, "போதும், இதுக்கு மேல என்னால முடியாது"ன்னு அவன் வாயால சொல்றது. அத நீங்க திட்டி நிறுத்திட்டீங்க, ஆனா உள்ள இருக்கற பயம் எங்கயும் போகல. சொல்றதுக்கு வழியில்லாம போச்சு, அதான் நேரா பல்லு.

யோசிச்சு பாருங்க, இதே முப்பது கிலோ லேப்ரடார் உறுமியிருந்தா வீட்டுக்காரர் அமுக்கி புடிச்சிருப்பாரா? ரெண்டடி பின்னாடி போயிருப்பாரு. அஞ்சு கிலோ உறுமுனா நமக்கு சிரிப்பு வருது, "கோவத்த பாரு கோவத்த"ன்னு போன எடுத்து வீடியோ வேற. குட்டி நாய்ங்க நெறைய கடிக்கறதுக்கு இதுதான் காரணம்னு நான் நெனைக்கறேன், அதுங்க வேணாம்னு சொல்றத நம்ம கண்டுக்கறதே இல்ல, கண்டுக்கலன்னாலும் தூக்கிடலாம், அமுக்கிடலாம், அதனால.

உறுமலுக்கு முன்னாடியே நெறைய சொல்லியிருப்பான். தூக்கம் வராதப்ப கொட்டாவி விடுவான், சாப்பாடு இல்லாதப்ப உதட்ட நக்குவான், மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிட்டு கண்ண மட்டும் நம்ம பக்கம் வச்சிருப்பான், அப்ப கண்ணுல வெள்ளை தெரியும். ஒரு முன்னங்கால தூக்கி வச்சுக்குவான். கடைசியா அப்படியே வெறச்சுப் போயி அசையாம நிப்பான், நம்மாளுங்க அதப் பாத்து "ஆ, இப்ப சமத்தா நிக்கறான்"னு வேகமா சீவுவாங்க! அதுதான் இருக்கறதுலயே மோசமான நேரம். ஷிட்சூவுக்கு முடி வேற கண்ண மறைக்குது, பாதி சைகை நமக்கு தெரியவே தெரியாது.

அடுத்து அந்த சிக்கு. ஷிட்சூ, லாசா, மால்டீஸ், பூடில் இதுங்களுக்கெல்லாம் முடி நம்ம தலைமுடி மாதிரி வளந்துகிட்டே இருக்கும், உதிர்ற முடியும் கீழ விழாம உள்ளயே மாட்டிக்கும், அதான் சிக்கு. காதுக்கு பின்னாடி, அக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில, பின்னந்தொடை, இங்கெல்லாம் மொதல்ல கட்டும். கட்டுன சிக்கு தோல இழுத்துகிட்டே இருக்கும்மா, அவன் காத ஆட்டுனா இழுக்கும், படுத்தா இழுக்கும். நம்ம கொண்டைய ஒருத்தர் நாள் முழுக்க புடிச்சு இழுத்துகிட்டே இருந்தா எப்படி இருக்கும்? அந்த எடத்துல போய் கம்பி பிரஷ்ஷ வச்சா கடிக்காம என்ன செய்வான்.

குளிப்பாட்டுனா இளகும்னு நெனச்சு குளிப்பாட்டிடாதீங்க, நனைஞ்சு காஞ்சா இன்னும் இறுகும். கத்திரிக்கோலும் வேணாம். சிக்கோட சேந்து தோலும் கூடாரம் மாதிரி மேல எழும்பி நிக்கும், எங்க முடி முடியுது எங்க தோல் ஆரம்பிக்குதுன்னு கண்ணுக்கு தெரியாது. நான் இந்த நாய்க்கு முடி வெட்டுற தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு குட்டிக்கு அப்படி வெட்டி காதோரம் தையல் போடற அளவுக்கு ஆயிடுச்சு, அந்த வீட்டம்மா என்ன ஒண்ணும் சொல்லல, அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அதனால கெட்டி சிக்க க்ளிப்பர் (முடி வெட்டுற மெஷின்) வச்சு எடுக்கத் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. ஏற்கனவே கடிச்சவன்ங்கறதால வெட்னரி டாக்டர்கிட்டயே லேசா மயக்கம் குடுத்து எடுத்துட்டா அவனுக்கும் நல்லது, எடுக்கறவங்களுக்கும் நல்லது. உடம்பு முழுக்க குட்டையா வெட்ட சொல்லிடுங்க. ரெண்டு மாசத்துக்கு அழகா இருக்க மாட்டான், இருக்கட்டும், அந்த ரெண்டு மாசம் வலியே இல்லாம பிரஷ்ஷ பழக்கறதுக்கு நமக்கு கெடச்ச நேரம்.

பழக்கறது எப்படின்னா, மொதல் விஷயம் புடிக்கறத நிறுத்துங்க. வீட்டுக்காரருக்கு இனிமே வேற வேலை, ட்ரீட் குடுக்கறது. வழுக்காத ஒரு மேட்ட தரையில போடுங்க, சீவுறது எப்பவும் அதுல மட்டும்தான், மடியில வேணாம், மடி அவனுக்கு நிம்மதியான எடம், அத கெடுக்கக்கூடாது. பிரஷ்ஷ தூரத்துல வைங்க, அவன் அத பாத்தான்னா ஒரு சின்ன துண்டு சிக்கன். அவ்வளவுதான் இன்னிக்கு. ரெண்டு மூணு நாள்ல பிரஷ்ஷ பாத்ததும் உங்க கைய திரும்பி பாப்பான், "எங்க என் துண்டு"ன்னு. அப்பதான் அடுத்த படி, பிரஷ்ஷோட பின்பக்கத்தால தோள்ல ஒரு தொடு, உடனே துண்டு. அப்புறம் முன்பக்கத்தால ஒரு இழுப்பு. அப்புறம் ரெண்டு. மூஞ்சி, பாதம், வாலு எல்லாம் கடைசி. ஒரு தடவைக்கு ஒரு நிமிஷம் போதும், நாளைக்கு ரெண்டு மூணு தடவ செய்ங்க.

இதுல வரிசை ரொம்ப முக்கியம், இங்கதான் நெறைய பேர் கோட்ட விடுறாங்க. தொட்டதுக்கு அப்புறம்தான் துண்டு. துண்ட காட்டி வரவழைச்சுட்டு அப்புறம் பிரஷ்ஷ எடுத்தீங்கன்னா கொஞ்ச நாள்ல துண்ட பாத்தாலே ஓட ஆரம்பிச்சுடுவான். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்ங்கள வச்சு பண்ணதும் இதேதான், மொதல்ல சத்தம், அப்புறம் சாப்பாடு, கடைசியில சத்தத்துக்கே எச்சில் ஊறுச்சு. (அவருக்கு 1904ல நோபல் பரிசு குடுத்தது இதுக்கு இல்ல, செரிமானத்த பத்துன ஆராய்ச்சிக்கு. சும்மா சொல்லி வச்சேன்.)

நடுவுல அவன் எழுந்து போனா போகட்டும், கூப்பிடாதீங்க, தொரத்தாதீங்க. போக முடியும்னு தெரிஞ்ச நாய்தான் திரும்பி வரும். மூணு செகண்ட் சீவிட்டு கைய எடுங்க, அவன் அங்கயே நின்னா, சாஞ்சா, இன்னும் செய்னு அர்த்தம், தள்ளிப் போனா இன்னிக்கு போதும்னு அர்த்தம்.

நல்லா பழகினதுக்கு அப்புறம் முடியை ஒரு கையால மேல தூக்கி புடிச்சு, தோல் தெரியற மாதிரி வகுடு எடுத்து வரிசை வரிசையா சீவணும், கடைசியா ஸ்டீல் சீப்பு விட்டு பாக்கணும், மாட்டுச்சுன்னா அங்க உள்ள சிக்கு இருக்கு. மேலாப்புல சீவுனா வெளிய பட்டு மாதிரி இருக்கும், உள்ள கம்பளி மாதிரி கெடக்கும். சின்ன சிக்கு வந்தா அதோட வேர்ப்பக்கம் விரலால இறுக்கி புடிச்சுகிட்டு நுனியிலேர்ந்து பிரிங்க, இழுப்பு தோலுக்கு போகாது.

இன்னொண்ணு, பீனட் பட்டர் தடவி நக்க விட்டுட்டு சீவலாம்னு யாராவது சொல்லுவாங்க, நல்ல யோசனைதான், ஆனா டப்பால சைலிடால் இருக்கான்னு படிச்சு பாருங்க. அந்த இனிப்பு நாய்க்கு விஷம்.

கேள்வி: எங்க டாஷ்ஹண்ட் பொண்ணுக்கு எல்லா நகமும் கருப்பு. ஒரு தடவ நான் வெட்டி ரத்தம் வந்துருச்சு அக்கா, அதுலேர்ந்து பாதத்த தொட்டாலே இழுத்துக்கறா. டக்டக்னு தரையில சத்தம் கேக்கற அளவுக்கு வளந்துருச்சு.

பதில்: தம்பி, ரத்தம் எனக்கும் வந்திருக்கு, இத்தன வருஷம் வெட்டுனவளுக்கே! நகத்துக்குள்ள சதையும் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுது, வெள்ளை நகத்துல ரோஸ் கலரா தெரியும், கருப்புல தெரியாது. அதனால ஒரேயடியா வெட்டாம காகிதம் கனத்துக்கு சீவி சீவி வெட்டுப்பட்ட முகத்த பாருங்க. மொதல்ல உலந்த மாதிரி வெளுப்பா இருக்கும், நடுவுல ஒரு கரும்புள்ளி மாதிரி வந்துச்சுன்னா நிறுத்துங்க, அடுத்த வெட்டு சதையில. பட்டுட்டா ரத்தம் நிறுத்துற பவுடர், இல்லனா சோளமாவு (கார்ன்ஃப்ளார்), அமுக்கி ரெண்டு மூணு நிமிஷம் புடிங்க.

ஆனா இப்ப நீங்க வெட்டவே வேணாம். ஒரு பலகையில உப்புத்தாள் ஒட்டி சாய்ச்சு வச்சு அவளையே பிராண்ட விடுங்க. மொதல்ல பாதம் பட்டா துண்டு, அப்புறம் இழுத்தா துண்டு, பசங்க இத விளையாட்டா எடுத்துக்கும். முன்னங்கால் நகம் இதுலயே தேஞ்சிடும். பின்னங்காலுக்கும் கட்டைவிரல் மாதிரி மேல ஒட்டிகிட்டு இருக்குமே அந்த நகத்துக்கும் இது உதவாது. அந்த மேல் நகம் தரையில படறதே இல்ல, தேயாம சுருண்டு சதைக்குள்ளயே எறங்கிடும், முடிக்குள்ள ஒளிஞ்சு வேற இருக்கும், அத மட்டும் வாரா வாரம் தடவி பாருங்க. பாதத்த தொட விடற பழக்கம் வந்ததுக்கு அப்புறம் நாளைக்கு ஒரு நகம்னு வெட்டுங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிக்கணும்னு எந்த சட்டமும் இல்ல. வாரம் ஒரு தடவ கொஞ்சமா எடுத்துகிட்டே வந்தா உள்ள இருக்கற சதையும் மெதுவா பின்வாங்கும், டக்டக் சத்தம் தன்னால கொறையும்.

கேள்வி: பொமரேனியன். சீவ விட மாட்டேங்குது, வெயிலும் ஜாஸ்தி. பேசாம மொட்டை அடிச்சுடலாமா?

பதில்: அடிக்காதீங்க. அதுக்கு ரெட்டை முடி, அடியில பஞ்சு, மேல காவல் முடி. மேல்முடிதான் வெயில் நேரா தோல்ல படாம காப்பாத்துது. ஒட்ட வெட்டுனா சிலதுக்கு திரும்ப சரியா வளராம திட்டுத்திட்டா நின்னுடும். மொத கேள்விக்கு சொன்ன ஷிட்சூ கதை வேற, அந்த முடி வேற. இதுக்கு பாதத்து அடியில இருக்கற முடியும் பின்பக்கமும் லேசா வெட்டுனா போதும், மிச்சம் சீவித்தான் ஆகணும்.

கேள்வி: பதினோரு வயசு, எப்பவும் சமத்தா நிப்பான். ரெண்டு மாசமா தூக்குனா கத்துறான், இடுப்புப் பக்கம் பிரஷ் பட்டா திரும்பி கடிக்க வரான். வயசாயிடுச்சு, புடிவாதம் வந்துருச்சுன்னு நெனைக்கறோம்.

பதில்: புடிவாதம் இல்ல சார், வலி. திடீர்னு மாறுன நாய மொதல்ல டாக்டர்கிட்ட காட்டணும், பழக்கறதெல்லாம் அப்புறம். மூட்டு, முதுகு, முழங்கால் சில்லு வெலகறது, பல்லு, காது, எதுவா வேணா இருக்கலாம், குட்டி நாய்ங்களுக்கு முழங்காலும் பல்லும் ரொம்ப சகஜம். அதுவரைக்கும் அக்குள்ல கைய விட்டு கொழந்தைய தூக்கற மாதிரி தூக்காதீங்க, ஒரு கை நெஞ்சுக்கு அடியில, ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில, முதுகு நேரா இருக்கணும். மேலேர்ந்து குனிஞ்சு தூக்காம பக்கத்துல உக்காந்து, "தூக்கறேன்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு தூக்குங்க. படுக்க வச்சே சீவலாம், நிக்க வைக்கணும்னு இல்ல.

கேள்வி: சலூனுக்கு கொண்டு போறதுக்கு முன்னாடி நாங்க சாப்பிடற தூக்க மாத்திரையில கால்வாசி குடுத்தா என்ன அக்கா? அங்க வாய்ப்பூட்டு போடுறாங்க, பாக்கவே பாவமா இருக்கு.

பதில்: ஐயோ, குடுக்காதீங்க! மூணு கிலோ உடம்புக்கு கால்வாசியே எவ்வளவு பெருசுன்னு பாருங்க. ரொம்ப பயப்படற நாய்க்கு டாக்டரே கேபாபென்டின், டிராசடோன் மாதிரி மருந்து அளவு பாத்து எழுதி தருவாங்க, கேக்கறதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. சில மருந்து உடம்ப மட்டும் கட்டிப் போடும், பயம் உள்ள அப்படியே இருக்கும், அதனாலதான் எது, எவ்வளவுங்கறத அவங்ககிட்ட விட சொல்றேன். வாய்ப்பூட்டு தப்பில்லம்மா, எந்த வகைங்கறதுதான் விஷயம். கூடை மாதிரி இருக்கறதுல வாய தொறந்து மூச்சு வாங்கலாம், சிக்கன் துண்டும் குடுக்கலாம். துணியில வாய இறுக்கி கட்டறது ரெண்டு நிமிஷத்துக்கு மேல வேணாம், நாய்க்கு சூடு வெளிய போறதே வாய் வழியாத்தான். கூடைய வீட்லயே முன்கூட்டி, உள்ள துண்டு வச்சு பழக்கிடுங்க. சலூன்ல கழுத்துல சுருக்கு போட்டு மேஜையில நிறுத்துறாங்கன்னா மார்பு பெல்ட் போட சொல்லி கேளுங்க, குட்டி நாய்ங்களுக்கு மூச்சுக்குழாய் நொய்யானது. நீங்க நின்னு பாக்கக்கூடாதுன்னு சொல்ற எடம்னா நான் விட மாட்டேன், உங்க இஷ்டம்.

கேள்வி: புதுசா குட்டி வாங்கியிருக்கோம், ஒம்போது வாரம். இப்பவே சீவணுமா?

பதில்: சீவ முடியே இருக்காது, ஆனா பழக்குங்க. 3 வாரத்துலேர்ந்து 12, 14 வாரம் வரைக்கும் பாக்கறதையெல்லாம் "இது சாதாரணம்"னு ஏத்துக்கற வயசு. தினமும் காத தொட்டு ஒரு துண்டு, வெரல தொட்டு ஒரு துண்டு. ட்ரையர தூரத்துல ஓட விட்டு ஒரு துண்டு.

கேள்வி: உடம்புல தண்ணி ஊத்துனா நிக்கறான், தலையில ஊத்துனா மட்டும் கடிக்க வரான். எங்க ஷாம்பூவே போடலாமா?

பதில்: தலையில ஊத்தாதீங்க, அவ்வளவுதான்! ஈரத் துணியால மூஞ்சிய தொடைச்சா போதும். தண்ணி வெதுவெதுன்னு இருக்கட்டும், கால் வழுக்காம கீழ ஒரு மேட் போடுங்க, பாதி பயம் வழுக்கறதுலதான். நம்ம ஷாம்பூ வேணாம், அவன் தோல் அமிலத்தன்மை கொறைஞ்சது, நம்மளுது அப்படி இல்ல, வறண்டு போய் அரிக்கும். காதுக்குள்ள தண்ணி போகாம பஞ்ச உருட்டி வாசல்ல மட்டும் வைங்க, உள்ள தள்ளாதீங்க. தொவட்டுனதும் மறக்காம எடுத்துடுங்க, நான் ரெண்டு தடவ மறந்து வீட்டுக்கு அனுப்பிட்டு போன் பண்ணியிருக்கேன்.