பழைய பந்தோல் இப்போது எந்த நிலையில் இருக்கும்?

கேள்வி: 2001ஆம் ஆண்டு பந்தோல் சிவப்பு ஒயின் மூன்று புட்டிகள் எனக்குப் பரிசாக வந்தன. அண்மையில் ஒன்றைத் திறந்தபோது, பதனிட்ட தோலும் குதிரை லாயமும் கலந்தாற்போன்ற வாடை எழுந்தது; பழ மணமே தெரியவில்லை. ஒயின் கெட்டுவிட்டதா? மற்ற இரண்டையும் இன்னும் வைத்திருக்கலாமா?

பதில்: முதல் கோப்பையில் எழுந்த வாடையை மட்டும் வைத்து அதை ஒதுக்கிவிடாதீர்கள். தென் பிரான்சில் மார்செய்க்கும் தூலோனுக்கும் இடையே, மத்தியதரைக் கடலை அடுத்த படிக்கட்டு நிலங்களில் விளையும் பந்தோல் சிவப்பு ஒயினில், விதிப்படி பாதியாவது மூர்வேத்ரு என்னும் திராட்சை இருந்தாக வேண்டும். பல பண்ணைகளில் அதன் பங்கு இன்னும் அதிகம். தடித்த தோலும் தாமதமாகப் பழுக்கும் இயல்பும் கொண்ட இந்தத் திராட்சை, பைலாக்செரா பூச்சி கொடிகளை அழித்த பின், விளைச்சல் குறைவு என்பதால் கைவிடப்பட்டிருந்தது. அதை மீட்டெடுத்ததிலும், 1941இல் பந்தோலுக்கு அதன் பெயரைச் சட்டப்படி காக்கும் தனித் தகுதி கிடைத்ததிலும் தொமேன் தம்ப்பியே பண்ணையின் லூசியன் பெய்ரோவுக்குப் பெரும் பங்கு உண்டு.

தென் பிரான்சின் இன்னொரு முக்கியத் திராட்சையான கிரெனாஷ் காற்றுப்பட்டால் விரைவில் தளர்ந்துவிடும். மூர்வேத்ரு அதற்கு நேர்மாறானது. நீண்ட காலம் காற்றின்றி அடைபட்டிருக்கும்போது இறைச்சியையும் பதனிட்ட தோலையும் நினைவூட்டும் வாடையை அது தன்னுள் தேக்கிக்கொள்கிறது. ஆகவே கோப்பையில் சிறிதளவு ஊற்றி, அரை மணி நேரம் கழித்து மீண்டும் முகர்ந்து பாருங்கள். தோல் வாடை பின்வாங்கி, உலர்ந்த கரும்பிளம், புகையிலை, காட்டு மூலிகை மணங்கள் மேலெழுந்தால் ஒயின் நலமாகவே இருக்கிறது. மாறாக, லாய வாடை மேலும் வலுத்து, விழுங்கிய பின் நாவில் உலோகம் பட்டது போன்ற வறட்சி மிஞ்சினால், அது பிரெட்டனோமைசிஸ் என்னும் காட்டு ஈஸ்ட்டின் வேலை. அந்த ஈஸ்ட்டின் சாயல் இலேசாக இருந்து, பழம் அதைத் தாங்கி நின்றால் நான் குறை சொல்ல மாட்டேன். பழத்தையே புதைத்துவிடும் அளவுக்குப் போனதை ‘மண்ணின் குணம்’ என்று சிலர் வாதிடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை, அது குறைதான். நனைந்த அட்டையின் வாடை வந்தால் கோளாறு தக்கையில் இருக்கிறது. அதற்குப் பரிகாரம் இல்லை.

நிறத்தையும் பாருங்கள். கோப்பையைச் சாய்த்தால் விளிம்பில் செங்கல் நிறம் தெரிவது இந்த வயதில் இயல்பு; நடுப்பகுதி வரை பழுப்பேறியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இருபது ஆண்டுகளைக் கடந்த பந்தோலில், இளமையில் ஈறுகளைப் பிடித்த துவர்ப்பு பெரும்பாலும் அடங்கி, அதில் ஒரு பகுதி வண்டலாகவும் படிந்திருக்கும். இனியும் காத்திருந்து பெறக்கூடிய நன்மை சிறிது; இழக்கக்கூடிய பழச்சுவையோ மிகுதி. தக்கைக்குத் தக்கை காற்றுப் புகும் அளவு வேறுபடுவதால், ஒரே பெட்டியில் வந்த புட்டிகள்கூட ஒன்றுபோல் முதிர்வதில்லை. எனவே கழுத்தில் ஒயின் மட்டம் தாழ்ந்திருக்கும் புட்டியை முதலில் திறந்துவிடுங்கள். அது நன்றாக இருந்து, உங்களிடம் 12 முதல் 14 டிகிரி வரை மாறாத குளிர்ச்சியுள்ள இடமும் இருந்தால், மற்றதைச் சில ஆண்டுகள் வைத்திருக்கலாம். அப்படி இடமில்லையென்றால் அதையும் விரைவில் அருந்திவிடுவதே நல்லது.

கேள்வி: அடியில் தங்கும் வண்டலை எப்படிப் பிரிப்பது?

பதில்: முந்தைய நாளே புட்டியை நிமிர்த்தி வைத்துவிடுங்கள். பழைய தக்கை திருகாணியில் உதிர்ந்துவிடக்கூடும் என்பதால், தக்கையின் இருபுறமும் செருகி இழுக்கும் இரட்டைத் தகட்டுத் திறப்பான் பாதுகாப்பானது. கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கை வைத்து, கையை நிறுத்தாமல் மெதுவாக வேறு குடுவைக்கு ஊற்றுங்கள். வண்டல் புட்டியின் தோளை எட்டியதும் நிறுத்திவிடுங்கள். இந்த வயது ஒயினை மணிக்கணக்கில் காற்றாட விட வேண்டாம். 16 முதல் 18 டிகிரியில், அவ்வப்போது சுவைத்துப் பார்த்தபடி, ஒரு மணி நேரத்துக்குள் பரிமாறத் தொடங்குங்கள்.