பாக்கெட்டில் முட்டும் மேகசின் நீட்சி: அறுக்கலாமா?

கேள்வி: டெக்ஸாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்துவிட்டது. ஒரு கன் ஷோவில் (துப்பாக்கிச் சந்தை) செகண்ட் ஹேண்டில் ரூகர் நிறுவனத்தின் எல்சிபி கைத்துப்பாக்கி வாங்கினேன். பெட்டியோ கையேடோ தரவில்லை. பேன்ட் பாக்கெட்டில் வைத்தால், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் அடியில் சுண்டுவிரலுக்காக நீண்டிருக்கும் பிளாஸ்டிக் துண்டு துருத்திக்கொண்டு தெரிகிறது. வெளியே எடுக்கும்போது பாக்கெட் ஓரத்தில் மாட்டுகிறது. ஆக்ஸா பிளேடால் அறுத்துவிடலாமா? இன்னொன்று: உடன் வேலை செய்யும் நண்பர் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். அவரும் ஒன்று வாங்கலாமா?

பதில்: அறுக்காதீர்கள். அதற்கு அவசியமே இல்லை. அந்த நீட்சி மேகசினோடு ஒட்டிப் பிறந்ததல்ல, கழற்றி மாட்டக்கூடிய அடித்தட்டு. புதிதாக வாங்கியிருந்தால் பெட்டிக்குள் இரண்டு தட்டுகள் இருந்திருக்கும்: அடியோடு சமமாக நிற்கும் தட்டையான ஒன்று, விரல் நீட்சி உள்ள ஒன்று. உங்களுக்கு விற்றவர் நீட்சியை மாட்டிவிட்டு, தட்டையானதை எங்கோ தொலைத்திருக்கிறார். அதை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை.

மாற்றுவது சுலபம். துப்பாக்கியை வேறு அறையில் வையுங்கள். மேகசினில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. அடித்தட்டை ஒரு சிறு பூட்டு பிடித்திருக்கும். அதை அழுத்திக்கொண்டு தட்டை நகர்த்தினால் கழன்றுவிடும். கழலும்போது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் முகத்தை நோக்கிப் பாயும். கண்ணாடி போட்டுக்கொண்டு, கட்டை விரலால் தட்டை மூடிப்பிடித்தபடி செய்யுங்கள். படத்தோடு கூடிய கையேடு ரூகரின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

தட்டையான அடித்தட்டு போட்டால் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது. எல்சிபி கால் கிலோவுக்குச் சற்று அதிகமான எடைதான், அதில் போடும் .380 அளவுத் தோட்டா சுடும்போது கையை நன்றாகவே உதைக்கும். சுண்டுவிரலை அடியில் மடக்கி வைத்துச் சுட்டுப் பழகுங்கள். பிடி போதவில்லை என்றால் பலரும் செய்வதையே செய்யுங்கள்: துப்பாக்கிக்குள் தட்டையான மேகசின், கூடுதலாக வைத்திருக்கும் மேகசினில் நீட்சி. பாக்கெட்டில் முட்டுவது துப்பாக்கிக்குள் இருப்பதுதானே.

இல்லை, நீட்சியும் வேண்டும், மாட்டவும் கூடாது என்றால், இன்னொரு நீட்சித் தட்டு வாங்கி அதன் முன்மூக்கை மட்டும் அரத்தால் மழுக்கி, உப்புத்தாளால் தேயுங்கள். கூர் போனாலே துணியில் மாட்டுவது பெருமளவு நின்றுவிடும். தட்டு மேகசினில் நழுவி உட்காரும் பள்ளத்தையும், பூட்டு உட்காரும் துளையையும் தொடாதீர்கள். அங்கே தேய்ந்தால் சுடும் நேரத்தில் தட்டு கழன்று தோட்டாக்கள் காலடியில் கொட்டும். தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் விளிம்புகள் பக்கம் அரமே போகக் கூடாது. எதை மாற்றினாலும், பாக்கெட்டில் வைக்கும் அதே தோட்டாக்களை நிரப்பி ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடம்) சுட்டுப் பாருங்கள்.

இனி வியாபாரிகள். கன் ஷோ மேஜைகளிலும் இணையத்திலும் “பிளஸ் டூ” என்று இன்னும் நீளமான நீட்சியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இரண்டு தோட்டா கூடுதல், பல சமயம் பழைய ஸ்பிரிங் அப்படியே. அந்த ஸ்பிரிங் கடைசித் தோட்டாவை மேலே தள்ளத் திணறலாம். வீட்டு பிரிண்டரில் அச்சடித்த தட்டுகளையும் இதே கூட்டம்தான் விற்கிறது. பாக்கெட்டில் வைக்கச் சிறிதாக வேண்டும் என்று வந்தவரிடம் பெரிதாக்கி விற்பது என்ன நியாயமோ! “பல மாநிலங்களில் செல்லும் துப்பாக்கி லைசென்ஸ்” என்று வகுப்பு நடத்துபவர்களையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். டெக்ஸாஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயதானவர் சட்டத் தடை எதுவும் இல்லையென்றால், லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். அதே ஆள் கலிஃபோர்னியாவில் இறங்கினால் எந்த வெளிமாநில லைசென்ஸும் செல்லாது. டிரைவிங் லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்கிறது. துப்பாக்கி லைசென்ஸுக்கு மட்டும் எல்லைக்கு எல்லை தனிச் சட்டம், மேகசினில் போடும் தோட்டாக்களின் எண்ணிக்கைக்கும் ஓரிடத்தில் 10, ஓரிடத்தில் 15, டெக்ஸாஸில் வரம்பே இல்லை. இதை ஒரே பக்கத்தில் எழுதி மக்களுக்குக் கொடுக்க எந்த அரசுக்கும் மனமில்லை.

நீட்சியைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை: துப்பாக்கியின் தொடர் எண். 370 என்று தொடங்கும் எல்சிபிகள், தோட்டா நிரம்பிய நிலையில் கீழே விழுந்தால் தானே வெடிக்கலாம் என்று 2008-லேயே ரூகர் திரும்பப் பெற்று இலவசமாகச் சரிசெய்தது. உங்களுடையது அந்த வரிசை என்றால், சரிசெய்யப்பட்டதா என்று நிறுவனத்திடம் உறுதி செய்யும்வரை தோட்டா போடாதீர்கள். பாக்கெட்டில் வைப்பதும் டிரிகரை முழுதாக மூடும் பாக்கெட் உறையோடு மட்டுமே, அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் கூடாது. உறை போட்டால் துப்பாக்கியின் வடிவமும் வெளியே தெரியாது, பர்ஸ் போலத்தான் இருக்கும். வேட்டி கட்டும் நாளில் அது வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கட்டும்.

உங்கள் நண்பர் விஷயம். ஹெச்-1பி, ஹெச்-4 (ஹெச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்தார்), எஃப்-1 (மாணவர்) போன்ற விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் 15 ஆண்டு வரை சிறை, அதற்கு மேல் நாடு கடத்தலும் வரலாம். டெக்ஸாஸ் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. ஒரு விலக்கு உண்டு: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். கடைக்காரர் “ஒரு ஹண்டிங் லைசென்ஸ் எடுத்துட்டு வாங்க, முடிஞ்சது” என்பது இதை வைத்துத்தான். கடைக்காரருக்கு, விற்கும் நாளில் உரிமம் இருந்தால் போதும். உங்கள் நண்பருக்கோ துப்பாக்கி வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அது வேண்டும். டெக்ஸாஸ் வேட்டை உரிமம் வாங்கிய தேதியிலிருந்து ஒரு வருடம் ஓடாது, ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். ஜூலையில் வாங்கியவர் செப்டம்பர் 1 காலையில், எதையுமே செய்யாமல், குற்றவாளி. அலுவலகக் குழுவோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் நாலு ரவுண்டு சுடுவதற்கும் இதே விதிதான். உங்கள் துப்பாக்கியை “சும்மா பார்க்க” அவர் கையில் கொடுக்காதீர்கள். வாங்கத்தான் போகிறார் என்றால், கடைக்காரரைக் கேட்கும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் போகச் சொல்லுங்கள்.