கால் இஞ்ச் கணக்கு: குவில்ட் கிட் தைக்கிறவைக்கு பதில்கள்

இந்த முறை கனபேர் கேட்டிருக்கிறது குவில்ட் (துண்டுத் துணிகளைச் சேத்துத் தைக்கிற போர்வை) கிட் பற்றி. லீவுக்கு லண்டன், ரொறன்ரோவில இருந்து வாற சொந்தக்காரர் சொக்லேட்டோட இப்ப இதையும் கொண்டு வந்து குடுக்கினம் போல. டிசைன் தாளும் அதுக்குத் தேவையான பருத்தித் துணியும் ஒரே பைக்குள்ள அளவா மடிச்சு வைச்சிருக்கும். அந்த "அளவா" எண்டதுதான் சிக்கல், பிழையா வெட்டிட்டா கொழும்பு புறக்கோட்டை முழுக்க அலைஞ்சாலும் அதே பிரிண்ட் கிடைக்கிறது கஷ்டம். அதால கொஞ்சம் விரிவாவே எழுதுறன்.

கேள்வி: அக்கா, என்ட தங்கச்சி கனடாவில இருந்து அனுப்பின கிட்டில, 3½ இஞ்ச் சதுரமா 16 துண்டு வெட்டி நாலுக்கு நாலாத் தைச்சா ப்ளொக் (ஒரு பெரிய கட்டம்) 12½ இஞ்ச் வரவேணும் எண்டு போட்டிருக்கு. எனக்கு 12⅛ தான் வருது. வெட்டினது சரி, மூண்டு தரம் அளந்து பாத்திட்டன். துணி சுருங்கிட்டுதோ? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: துணி சுருங்கேல்ல தங்கச்சி, தையல்தான் கூடிட்டுது. கணக்கைப் பாருங்கோ. நாலு துண்டு வரிசையாத் தைக்க மூண்டு தையல் வரும், உங்களுக்குக் குறைஞ்சது ⅜ இஞ்ச், அப்ப ஒரு தையலுக்கு ⅛. ஒரு தையலில ரெண்டு துணியின்ட ஓரமும் உள்ளுக்குப் போறதால ஒரு ஓரத்துக்கு 1/16 இஞ்ச், அதாவது ஒண்டரை மில்லிமீற்றர் கூடுதலாப் பிடிச்சிருக்கிறீங்கள். குவில்ட்டில எல்லா அளவும் தையலுக்கு கால் இஞ்ச் எண்டு வைச்சுத்தான் போடுறது. சட்டை தைச்சுப் பழகின நாங்கள் மெசின் காலின்ட (துணியை அமத்திப் பிடிக்கிற பாகம்) ஓரத்தோட துணியைச் சேத்துப் பிடிச்சுத் தைக்கிறம், ஆனா சாதாரண காலில ஊசியில இருந்து வலது ஓரத்துக்கு கால் இஞ்ச்சை விடக் கொஞ்சம் கூட இருக்கிறதுதான் வழமை. சட்டைக்கு அது ஒண்டும் செய்யாது, 16 துண்டுக்கு நல்லா செய்யும்.

இண்டைக்கே இதைச் செய்யுங்கோ. அடிமட்டத்தை மெசின் காலுக்குக் கீழ வைச்சு, சில்லைக் கையால சுத்தி ஊசியை மெல்ல இறக்கி, ஊசி முனை அடிமட்டத்தின்ட வலது ஓரத்தில இருந்து சரியா கால் இஞ்ச் கோட்டில தொடுற மாதிரி வையுங்கோ. பிறகு அடிமட்டம் அசையாமப் பிடிச்சுக்கொண்டு அந்த வலது ஓரத்தோட ஒட்டி மெசின் மேல ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டுங்கோ, ஒண்டுக்கு மேல ஒண்டா நாலு அஞ்சு அடுக்கு ஒட்டினா சின்ன வரம்பு மாதிரி வரும், துணி அதில முட்டிக்கொண்டு நேரா ஓடும் (துணியை இழுக்கிற பல்லுக்கு மேல மட்டும் ஒட்டக் கூடாது). இனி, கிட் துணியில கை வைக்காம, வேற பழைய பருத்தித் துணியில 1½ இஞ்ச் அகலத்தில மூண்டு பட்டி வெட்டி பக்கத்தில பக்கத்தில தைச்சு அயன் பண்ணிப் பாருங்கோ. நடுப் பட்டி சரியா 1 இஞ்ச் இருக்கவேணும். குறைஞ்சா பிளாஸ்டரை ஊசிப்பக்கம் ஒரு மயிரிழை தள்ளுங்கோ. தையலை மடிச்சு அயன் பண்ணேக்க அந்த மடிப்பே ஒண்டு ரெண்டு இழை துணியைத் திண்டுவிடும், அதால கால் இஞ்ச்சை விட ஒரு சொட்டுக் குறைவாத் தைக்கிறதுதான் சரியா வரும். தையல் நீளம் 2 இல்லாட்டி 2½ மில்லிமீற்றர் காணும். நான் இப்பவும் ஒவ்வொரு புது வேலைக்கும் முதல் இந்த மூண்டு பட்டி சோதனை செய்யாம தொடங்கிறேல்ல.

கேள்வி: ரோட்டரி கட்டர் வாங்கத்தான் வேணுமோ? கத்தரிக்கோலால வெட்டினா சரிவராதோ? (வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: சரிவரும், எங்கட அம்மம்மாக்கள் கத்தரிக்கோலாலதான் எல்லாம் வெட்டினவை. 1979 இல ஜப்பானில ஒல்ஃபா கொம்பனி இந்த உருளைக் கத்தியை விட முதல் உலகம் முழுக்க அப்பிடித்தான். ஆனா 200, 300 துண்டு வெட்டுற கிட் எண்டா 45 மில்லிமீற்றர் கட்டர், அதுக்கு அடியில விரிக்கிற மெட், தடிச்ச பிளாஸ்டிக் அடிமட்டம் மூண்டும் இருந்தா கை நோகாது, அளவும் மாறாது. கத்தரிக்கோல் எண்டா கட்டாயம் பென்சிலால கோடு போட்டு, கோட்டின்ட உள்பக்கத்தாலயா வெளிப்பக்கத்தாலயா வெட்டுறது எண்டதை முதலே முடிவெடுத்து கடைசி வரை அப்பிடியே வெட்டுங்கோ.

கட்டர் பிடிக்கிறவை கவனிக்கவேண்டியது ரெண்டு. ஒண்டு, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அலகை மூடுங்கோ, வீட்டில சின்னப் பிள்ளையள் இருந்தா சொல்லவே வேண்டாம். மற்றது, துணியை ரெண்டா மடிச்சு நீளப் பட்டி வெட்டி விரிக்க நடுவில வளைஞ்சு V மாதிரி வந்தா உங்கட கை பிழையில்ல, மடிப்பு நேரா இல்ல. அடிமட்டத்தின்ட குறுக்குக் கோடு மடிப்பில சரியா இருக்கோ எண்டு பாத்து, மூண்டு நாலு பட்டிக்கு ஒருக்கா ஓரத்தைத் திரும்ப நேராக்குங்கோ. நாலு அடுக்குக்கு மேல ஒரே தரத்தில வெட்ட வேண்டாம்.

கேள்வி: ஏற்கனவே 2½ இஞ்ச் பட்டியா வெட்டி, ஓரம் பல்லுப் பல்லா இருக்கிற ரோல் ஒண்டு கிடைச்சிருக்கு. எங்க இருந்து அளக்கிறது? முதல் தோய்க்கவோ? (வாசகி, தெஹிவளை)

பதில்: தோய்க்காதேங்கோ! தோய்ச்சா ஓரம் பிரிஞ்சு, சுருங்கி, 2½ எண்ட அளவே இல்லாமப் போயிடும். அளவு சில ரோலில பல்லு நுனியில இருந்து நுனிக்கு, சிலதில பள்ளத்தில இருந்து, அதால அடிமட்டத்தை வைச்சு உங்கட பட்டியில எது 2½ வருது எண்டு பாத்து, அதையே ஓரம் எண்டு எடுத்துத் தையுங்கோ. சிவப்பு, கடும் நீலத்தில மட்டும் ஒரு ஓரத்தை நனைச்சு வெள்ளைத் துணிக்குள்ள வைச்சு அமத்திப் பாருங்கோ, சாயம் வந்தா பக்கத்தில வெள்ளை வைக்கிறதை யோசிக்கவேணும்.

கேள்வி: முக்கோணம் வைச்ச டிசைன், கூர் எல்லாம் தையலுக்குள்ள போய் மொட்டையா வருது. (வாசகி, மட்டக்குளி)

பதில்: முக்கோணத்தின்ட சரிவுப் பக்கம் துணியின்ட இழைக்கு மூலைக் குறுக்காப் போறது, தொட்டாலே இழுபடும். ரெண்டு சதுரத்தைச் சேத்து, மூலைக்கு மூலை போடுற கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் இஞ்ச் தள்ளித் தைச்சு, கோட்டால வெட்டினா ரெண்டு முக்கோணச் சதுரம் வரும். இதுக்கு, தைச்சு முடிய வரவேண்டிய அளவை விட ⅞ இஞ்ச் கூட்டி வெட்டச் சொல்லி தாளில இருக்கும். துணி மிச்சம் இருந்தா முழு 1 இஞ்ச் கூட்டி வெட்டித் தைச்சு, பிறகு சரியான அளவுக்கு ஓரம் வெட்டுங்கோ, இதுதான் என்ட வழி. அயனை முன்னும் பின்னும் இழுக்காதேங்கோ, தூக்கித் தூக்கி வைச்சு அமத்துங்கோ. வெட்ட முதல் மெல்லிய கஞ்சி போட்டா துணி விறைச்சு நிக்கும். ஆனா எங்கட கொழும்பு ஈரக் காத்துக்கு கஞ்சித் துணியைக் கனநாள் அலுமாரியில வைச்சா பூச்சி வந்திடும், அதால வேலை முடிய ஒருக்கா அலசிடுங்கோ.

கேள்வி: ரீச்சர், மேல்பக்கம் வடிவா வந்தது, போர்டர் வைச்ச உடன அலை அலையா வருது. பிரிச்சுத் தைச்சும் அப்பிடித்தான். அழுகையே வருது. (வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: அழாதேங்கோ பிள்ளை, என்ட முதல் போர்வையும் கட்டிலில விரிக்கேக்க ஓரம் பட்டம் மாதிரி எழும்பி நிண்டது. நீங்கள் நீளப் பட்டியை ஓரத்தோட வைச்சு மெசினில ஓடவிட்டுக் கடைசியில மிச்சத்தை வெட்டியிருப்பீங்கள். ஓரம் கை பட்டு இழுபட்டிருக்கும், மெசினும் ஒரு துணியை மற்றதை விடக் கூட இழுக்கும், அப்ப போர்டர் நடுவை விட நீளமாப் போயிடும். முதல் மேல்பக்கத்தை மேசையில் தட்டையா விரிச்சு, நீளத்தை நடுவாலயும் நடுவுக்கு ரெண்டு பக்கத்தாலயும் மூண்டு இடத்தில அளவுங்கோ, ஓரத்தில அளக்க வேண்டாம். மூண்டும் 60, 60¼, 60½ எண்டு வந்தா நடுத்தரம் 60¼. ரெண்டு போர்டரையும் அந்த அளவுக்கே முதல் வெட்டுங்கோ. பிறகு போர்டரை நாலா மடிச்சு அடையாளம் வைச்சு, மேல்பக்கத்தையும் அப்பிடி நாலாக்கி, அடையாளத்துக்கு அடையாளம் குண்டூசி குத்தி, மிச்சத்தை இடையில சமமாப் பரப்பித் தையுங்கோ. ரெண்டு பக்கம் முடிய, அகலத்தை போர்டரோட சேத்து திரும்ப அளந்து மேல், கீழ் போர்டரையும் இப்பிடியே வெட்டித் தையுங்கோ.

கேள்வி: நடுவில வைக்கிற வாடிங் எங்கட சூட்டுக்கு அவசியமோ? (வாசகர், வத்தளை)

பதில்: நடு அடுக்கு வேணும், ஆனா தடிச்ச பொலியெஸ்டர் வேண்டாம் அண்ணை, ராத்திரி வேர்த்து ஊத்தும். மெல்லிய ஃபிளனல் இல்லாட்டி தோய்ச்ச பழைய பருத்திப் பெட்ஷீற் வையுங்கோ. வங்காளத்தில கந்தா தைக்கிறவை பழைய பருத்திச் சேலையை அடுக்கியே ஓட்டுத் தையல் போடுறவை, வீட்டில அம்மான்ட வொயில் சீலை இருந்தா அதை விட மெத்தெண்ட ஒண்டும் கிடைக்காது. அடித்துணி, நடுத்துணி ரெண்டும் மேல்பக்கத்தை விட எல்லாப் பக்கமும் 4 இஞ்ச் கூட இருக்கட்டும். அடித்துணியை நிலத்தில இழுத்து ஒட்டி, கை முஷ்டி அகலத்துக்கு ஒண்டா சேஃப்டி பின் குத்துங்கோ.

60க்கு 72 இஞ்ச் போர்வைக்கு பைண்டிங் (ஓரத்தை மூடித் தைக்கிற பட்டி) எவ்வளவு எண்டும் கேட்டிருக்கிறீங்கள். சுத்தளவு 264, மூலைக்கும் ஒட்டுக்கும் 10, மொத்தம் 274. துணி அகலம் 40 எண்டு எடுத்தா 2½ இஞ்ச் பட்டி 7, அரை யார் துணி மட்டுமட்டாக் காணும். பட்டிகளைச் சரிவா ஒட்டுங்கோ, நேரா ஒட்டினா அந்த இடம் கட்டி மாதிரி நிக்கும். மூலைக்கு கால் இஞ்ச் இருக்கேக்கயே தையலை நிப்பாட்டி, பட்டியை மேல மடிச்சு, திரும்பக் கீழ மடிச்சு, அடுத்த பக்கம் தொடங்குங்கோ.

கேள்வி: 3½ வெட்டவேண்டிய இடத்தில 3 எண்டு ஆறு துண்டு வெட்டிட்டன். அத்தை ஆசையா அனுப்பின கிட். இனி என்ன செய்ய? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: வெட்டின துண்டை எறியாதேங்கோ. முதல் கிட்டில மிஞ்சின ஓரத்துணியை விரிச்சுப் பாருங்கோ, கரையோரமா 1 இஞ்ச் பட்டி ஒண்டு கிடைச்சாலும் காணும். 3 இஞ்ச் துண்டோட அதைக் கால் இஞ்ச்சில தைச்சா அந்தப் பக்கம் 3½ வந்திடும் (தையலுக்கு ரெண்டு பக்கமும் போறதைச் சேத்துத்தான் 1). நீளமும் அகலமும் ரெண்டும் 3 எண்டு வெட்டியிருந்தா மற்றப் பக்கத்துக்கும் இப்பிடி ஒரு பட்டி தையுங்கோ, சின்னப் பூப் பிரிண்ட் எண்டா அந்தத் தையல் கண்ணிலயே படாது. அந்தளவு துணியும் இல்லையெண்டா அதே நிறச் சாயலில வேற பருத்தித் துணி வாங்கி ஆறையும் ஒரு மூலையில குவிக்காம போர்வை முழுக்கப் பரப்பி வையுங்கோ. வாங்கப் போகேக்க கிட் துணியில ஒரு துண்டைக் கையில கொண்டு போங்கோ, கடைக்குள்ள ரியூப் லைற்றில பாத்து எடுக்காம வாசலுக்குக் கொண்டு வந்து வெயிலில வைச்சுப் பாத்து எடுங்கோ.