மனசு ஒட்டாத ஜெபம் வேஷமா?

கேள்வி: எனக்கு 41 வயது. அப்பா புற்றுநோயில் படுத்திருந்தபோது வீடே முழங்காலில் நின்றது. உபவாச ஜெபமும் வைத்தோம். போன வருஷம் அப்பா போய்விட்டார். அதிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தால் ஒன்றுமே வருவதில்லை. வாய் ‘பரமண்டலங்களிலிருக்கிற’ என்று சொல்லும். மனசு நாளைக்குத் தோசைக்கு மாவு இருக்கிறதா என்று பார்க்கும். ஒருநாள் குடும்ப ஜெபம் நின்றாலும் ‘வீட்டுக்கு ஆகாது’ என்கிறார்கள் அத்தை. மனசில்லாமல் ஜெபிப்பது வேஷம் இல்லையா? எல்லாம் தெரிந்த தேவனிடம் தினமும் என்னத்தைச் சொல்வது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா போய் ஒரு வருஷம்தான் ஆகிறது. துக்க வீட்டில் சோறு இறங்காது, தூக்கம் வராது. ஜெபம் மட்டும் பழையபடி ஓட வேண்டும் என்று யார் சொன்னது?

‘வேஷம்’ என்ற பேச்சை முதலில் விடுங்கள். மாயக்காரர், அதாவது வேஷக்காரர் என்று இயேசு கண்டித்தது, மனுஷர் பார்க்க வேண்டும் என்று வீதிச் சந்தியில் நின்று ஜெபித்தவர்களை. யாரும் பார்க்காத அறையில், மாவு நினைப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்களை அல்ல. பிரான்ஸில் லிசியே நகரத்துத் தெரேசா என்றொரு கன்னியாஸ்திரி இருந்தார். 1897-இல் 24 வயதிலேயே இறந்தவர். அவர் ஜெப நேரத்தில் தூங்கிப்போவதுண்டு. ‘இதற்காக வருந்தத்தான் வேண்டும், ஆனாலும் எனக்கு வருத்தமில்லை. தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றவர்களுக்குப் பிள்ளை மேல் பிரியம்தானே’ என்று எழுதிவைத்தார். கத்தோலிக்கப் புனிதர் நமக்கெதற்கு என்று அத்தை கேட்கலாம். கேட்கட்டும்.

தினமும் எதற்கு என்கிறீர்கள். நல்ல நாளில் நாக்கில் ஏறிய வார்த்தைதான் கெட்ட நாளில் கைகொடுக்கிறது என்பது என் எண்ணம். சிலுவையில் இயேசு சொன்னவற்றைப் பாருங்கள். ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்பது வேதாகமப் பாடல்களான சங்கீதங்களில் 22-ஆவதன் முதல் வரி. தம் ஆவியைப் பிதாவின் கையில் ஒப்புவித்ததும் 31-ஆம் சங்கீதத்தின் வார்த்தையில்தான். ஆணி இறங்கிய வேதனையில் அவர் புதிதாக ஒரு ஜெபத்தைக் கட்டவில்லை. தம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்ததையே சொன்னார். ஐ.சி.யூ. வாசலில் ஒரு கையில் மருந்துச் சீட்டும் மறு கையில் ஃபிளாஸ்க்குமாக, ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்று முணுமுணுத்தபடி லிஃப்டுக்கு நிற்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதங்களில் நீங்களே அப்படி நின்றிருப்பீர்கள். அந்த வசனம் அன்றைக்குப் படித்ததா? ஞாயிறு பள்ளியில் மனசு எங்கேயோ இருக்க ஒப்பித்தது.

ஆகவே சொன்னதையே சொல்கிறோமே என்று கூச வேண்டாம். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் மூன்றாம் தரம் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஜெபித்தார் என்கிறது மத்தேயு. இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபத்தை நாளுக்கு 3 முறை சொல்லுங்கள் என்கிறது, ‘டிடாக்கே’ என்ற ஆதிச் சபையின் கையேடு.

எல்லாம் தெரிந்தவரிடம் எதற்குக் கேட்பது? 410-இல் ரோம் சூறையாடப்பட்டபோது புரோபா என்ற பணக்கார விதவை வட ஆப்பிரிக்காவுக்குத் தப்பி வந்தார். எப்படி ஜெபிப்பது என்று அவர் கேட்டதற்கு, ஹிப்போவின் பிஷப் அகஸ்டின் நீண்ட கடிதமே எழுதினார். நம் தேவையைத் தேவனுக்குத் தெரிவிக்க அல்ல, அவர் தரப்போவதை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நம் ஆசை விரியவே கேட்கச் சொல்கிறார் என்பது அவர் பதில். எகிப்தின் துறவிகள் அடிக்கடி, ஆனால் மிகச் சுருக்கமாக ஜெபிப்பார்கள் என்றும் அதில் குறிப்பிடுகிறார். அரை மணி நேரம் ஓடினால்தான் ஜெபம் என்று நினைப்பவர்கள் அந்தக் கடிதத்தைப் படிக்கலாம்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. அப்பாவுக்காக அவ்வளவு ஜெபித்தோமே, ஏன் கேட்கவில்லை? இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள், விசுவாசம் போதவில்லை என்பார்கள். இந்தத் துன்பப் பாத்திரம் நீங்கட்டும் என்று கெத்செமனேயில் கேட்ட இயேசுவுக்கே அது நீங்கவில்லை. அவருக்குமா விசுவாசம் குறைவு? ‘நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான்’ என்று, தம்பி லாசருவை இழந்த மார்த்தாள் இயேசுவின் முகத்துக்கு நேரே சொன்னாள், அவர் கோபிக்கவில்லை. 150 சங்கீதங்களில் முறையீடுகள்தான் மற்ற எந்த வகையையும்விட அதிகம். உங்கள் கோபத்தையும் அப்படியே சொல்லலாம். ஒன்றும் வரவில்லை என்கிறீர்களே, ஒருவேளை வருவது அதுதானோ? மரியாதைக்காக அதை அடக்கிவைத்தால் மற்ற வார்த்தைகளும் தொண்டையில் நின்றுவிடும்.

கொஞ்ச நாளைக்கு இப்படிச் செய்து பாருங்கள். காலையில் பத்தே நிமிஷம். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். வேதாகமச் செயலி என்ற சாக்கும் வேண்டாம், அச்சுப் புத்தகத்தை எடுங்கள். ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். பிறகு பரமண்டல ஜெபம், மெதுவாக. எழுந்துவிடுங்கள். நடுவில் மாவு ஞாபகம் வந்தால் ‘ஆண்டவரே, மாவில்லை’ என்று அதையும் சொல்லிவிடுங்கள். வேண்டிய ஆகாரத்தை இன்று தாரும் என்று கேட்கக் கற்றுத்தந்தவர் அதைச் சில்லறை விஷயமாக நினைக்கமாட்டார்.

அத்தையின் பயத்துக்கு வேதத்தில் ஆதாரமில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, ‘அப்படியல்ல’ என்றார் இயேசு. ஆனால் இதை வைத்து அத்தையோடு வாதாட வேண்டாம். சம்பந்தியைப் பறிகொடுத்த வீட்டில் அவர்களுக்கும் பயம் இருக்கும். இரவு குடும்ப ஜெபத்தில் பாட்டைப் பிள்ளைகள் எடுக்கட்டும், ஜெபத்தை அத்தை ஏறெடுக்கட்டும். நீங்கள் ‘ஆமென்’ மட்டும் சொன்னால் போதும். அடுத்தவர் ஜெபத்தில் சேர்ந்துகொள்வதும் ஜெபம்தான்.

தனியாக இருக்கும்போது 88-ஆம் சங்கீதத்தில் ஆரம்பியுங்கள். கடைசி வரி வரைக்கும் ஆறுதலே இல்லாத பாட்டு. ஆனாலும் காலைதோறும் என் விண்ணப்பம் உமக்கு முன் வரும் என்கிறான் பாடியவன். குடும்ப ஜெபத்தில் மட்டும் அதை வாசித்துவிடாதீர்கள், அத்தை நிஜமாகவே பயந்துவிடுவார்கள்.