‘ஆயிடும் சார்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

டெலிவரி மேனேஜராக லண்டன் வருகிறேன், சில வருடங்களில் சிஐஓ, அதாவது ஒரு நிறுவனத்தின் ஐடி தலைமை அதிகாரி, அளவுக்கு உயர என்ன திறமை வேண்டும், எந்தச் சர்டிபிகேட் படிக்கலாம், எம்பிஏ தேவையா, வீடு எங்கே பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, சர்டிபிகேட் இன்டர்வியூ வாசல் வரை கூட வரும். எம்பிஏ உங்கள் இஷ்டம். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: ‘ஆயிடும் சார்’ என்பதை மீனம்பாக்கத்திலேயே இறக்கி வைத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

நான் வந்தது 2004 ஜனவரியில். இரண்டாவது மாதமே ஒரு டேட்டா மைக்ரேஷன், பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்குத் தகவல்களை மாற்றுகிற வேலை. வெள்ளிக்கிழமை மதியம் கிளையன்ட் மேனேஜர் டீக் கோப்பையோடு என் மேஜைக்கு வந்து, "திங்கள் காலைக்குள் முடிந்துவிடுமா?" என்றார். டெஸ்டிங் பாதிகூட ஆகவில்லை. என் தலை நம் ஊர்ப் பழக்கத்தில் தானாக ஆடியது. ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார், நானும் திருத்தவில்லை. திங்கள் ஒன்பது மணிக்குக் கால் சென்டரில் ஒருவருக்கும் ஸ்கிரீன் திறக்கவில்லை. அவர் கத்தவில்லை. "வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் தேதியைத் தள்ளியிருப்பேனே" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

இந்தத் தொழிலில் ‘தர்பூசணி ரிப்போர்ட்’ என்று ஒரு கேலிப் பேச்சு உண்டு. ஸ்டேட்டஸ் மேலே பச்சை, அதாவது எல்லாம் சரி; வெட்டினால் உள்ளே சிவப்பு, அதாவது சிக்கல். கீழே இருப்பவன் பயந்து பச்சை அடிப்பான். மேலே இருப்பவர் கேள்வி கேட்காமல் அதை இயக்குநர் போர்டுக்கு அனுப்புவார். இங்கே பிரிட்டனில் டிஎஸ்பி (TSB) வங்கி 2018 ஏப்ரலில் புது சிஸ்டத்துக்கு மாறியபோது லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களால் சொந்தக் கணக்கைத் திறக்க முடியவில்லை. வங்கிக்கு அபராதம் சுமார் 4.87 கோடி பவுண்டு. அதோடு விடவில்லை. அப்போதைய சிஐஓவுக்குத் தனியாக 81,620 பவுண்டு போட்டார்கள். வெளியே ஒப்படைத்த வேலையைச் சரிவர மேற்பார்க்கவில்லை என்பது குற்றச்சாட்டு. வேலையை எடுத்துச் செய்யும் வெண்டர் கம்பெனி ‘ரெடி’ என்றால் எதை வைத்துச் சொல்கிறாய் என்று தோண்டிக் கேட்பதுதான் அந்த நாற்காலியின் வேலை. புரோகிராம் எழுதத் தெரிவதெல்லாம் அப்புறம்.

நம்மவர்கள் சிலரைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. இருபது வருடமாக இங்கே இருப்பார்கள், வெள்ளைக்காரர் முன்னால் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் சென்னை டீமை ராத்திரி பதினொரு மணிக்கு கான்ஃபரன்ஸ் காலில் உட்காரவைத்து விரட்டுவார்கள். அந்த டீமில் யார் இவர்களிடம் உண்மையைச் சொல்வான்? என் டீமில் கெட்ட செய்தியை முதலில் கொண்டுவந்தவனுக்கு நான் நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு. இந்தப் பழக்கம் எனக்கு வரவே ஏழெட்டு வருடம் ஆனது.

வீடு ஈஸ்ட் ஹாம் பக்கம் பாருங்கள், தோசைக்குக் கவலையில்லை. நானும் அங்கேதான் நாலு பேரோடு ஒரே வீட்டில் இருந்தேன். மீட்டரில் காசு தீர்ந்தால் ஹீட்டர் அணைந்துவிடும். அந்தத் திங்கள் ராத்திரி, சமையல் முறை யாருடையதோ, ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. "மைக்ரேஷன் எப்படிடா போச்சு?" என்றார்கள். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "சூப்பரா போச்சு" என்றேன்.