லண்டனிலிருந்து காரில் பாரிஸ் செல்ல, வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும்?

பிரான்ஸின் துறைமுக நகரான கலேயில் இறங்கியதும் நீங்கள் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். அங்கே பிரதிபலிக்கும் மேலங்கியும் எச்சரிக்கை முக்கோணமும் கட்டாயம். இல்லையென்றால் 135 யூரோ வரை அபராதம் விழலாம். பலர் சறுக்குவது மேலங்கியில்தான். டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் போட்டு வைத்தால் பயனில்லை, இருக்கையிலிருந்து கை நீட்டினால் எட்ட வேண்டும். வண்டியை விட்டு இறங்கும் முன்பே அணிய வேண்டிய உடுப்பு அல்லவா? சட்டம் வண்டிக்கு ஒரு மேலங்கிதான் கேட்கிறது. நான் ஆளுக்கொன்று வாங்குவேன்.

அடுத்து முகப்பு விளக்கு. பிரிட்டிஷ் வண்டியின் ஒளி இடப்பக்கம் சாயும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் அது எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். இதைத் தடுக்க விளக்கில் ஒட்டும் வில்லைகள் மலிவு. சில புதிய கார்களில் அமைப்பை மாற்றினாலே போதும்.

வண்டி எந்த நாட்டுடையது என்று காட்டும் பழைய ‘ஜிபி’ ஸ்டிக்கர் 2021 செப்டம்பர் 28 முதல் செல்லாது, ‘யுகே’ வேண்டும். மூச்சில் மதுவைச் சோதிக்கும் கருவி தேவையில்லை. 2012இல் கட்டாயமாக்கினார்கள், அபராதமே விதிக்காமல் 2020இல் நீக்கிவிட்டார்கள். இன்னமும் அதை விற்கிறவர்கள் இருக்கிறார்கள்!