அக்கா நற்கருணை வாங்கலாமா?

வணக்கம் ஐயா,

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். கணவரின் குடியையும் அடியையும் தாங்க முடியாமல் என் அக்கா குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழு) பெரியவர்கள், 'கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கக் கூடாது, பொறுத்துப் போ' என்கிறார்கள். கணவனை விட்டு வந்தது பாவம் என்று யாரோ சொன்னதிலிருந்து அவள் பூசையில் கொடுக்கும் திருவப்பமான நற்கருணையை வாங்குவதில்லை. பூசை முடியும்வரை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடுகிறாள். உறவினர் ஒருவர், ஆயரின் கீழுள்ள திருச்சபை நீதிமன்றமான மறைமாவட்ட நீதிமன்றத்தில் 'செல்லாத திருமணம்' என்று தீர்ப்பு வாங்கிவிடலாம் என்கிறார். அது விவாகரத்துக்கு இன்னொரு பெயர்தானே? எனக்கும் மாப்பிள்ளை முடிவாகி, அடுத்த மாதம் கோயிலில் ஓலை வாசிக்க, அதாவது திருமண அறிவிப்பு வாசிக்கப் போகிறார்கள். சாகும்வரை என்று வாக்குக் கொடுக்கவே பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அக்காவிடம் சொல்லுங்கள், வருகிற ஞாயிறு எழுந்து போய் நற்கருணை வாங்கட்டும். அடிக்குப் பயந்து பிரிந்து வாழ்வது பாவமல்ல. அப்படிப் பிரிந்திருப்பதற்காக மட்டும் யாரையும் நற்கருணையிலிருந்து திருச்சபை விலக்குவதில்லை.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1153ஆம் எண்ணைப் பங்குத்தந்தையிடம் கேட்டுப் படித்துப் பாருங்கள். கணவனோ மனைவியோ மற்றவரின் உடலுக்கோ மனதுக்கோ, பிள்ளைகளுக்கோ பெரும் ஆபத்தை உண்டாக்கினால், பாதிக்கப்பட்டவர் பிரிந்து போக நியாயமான காரணம் உண்டு என்கிறது அது. வழக்கமாக ஆயரின் ஆணை வேண்டும். தாமதித்தால் ஆபத்து என்றால் யாரையும் கேட்காமல் தானாகவே வெளியேறலாம். திருத்தந்தை பிரான்சிஸ் குடும்ப வாழ்வு பற்றி 2016இல் வெளியிட்ட 'அமோரிஸ் லெத்தீசியா' ஏட்டில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். வன்முறையிலிருந்து மனைவியையோ சிறு பிள்ளைகளையோ காப்பாற்றுவதற்காகப் பிரிவது சில வேளைகளில் அறநெறிப்படியே தேவையாகிவிடுகிறது என்கிறார். உங்கள் அன்பியத்தில் ஒருவராவது இதை அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். அடிபட்டு வந்தவளிடம் பைபிள் வசனத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பதை என்னால் பக்தி என்று ஏற்க முடியாது. அந்த வசனத்தை இயேசு சொன்னது, மனைவியை விலக்கிவிடுவது முறையா என்று கேட்டு வந்த ஆண்களிடம்.

குழந்தையின் பராமரிப்புக்கும் பாதுகாப்புக்கும் அரசு நீதிமன்ற விவாகரத்துதான் ஒரே வழி என்றால், அதையும் குற்றமாகப் பார்க்க வேண்டாம் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல். நம் நாட்டில் கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம்தான் இன்றும் இருக்கிறது. 2001இல் அதைத் திருத்தும்வரை, கணவன் அடிக்கிறான் என்று மட்டும் சொல்லி ஒரு பெண் விவாகரத்து பெற முடியாது. கொடுமையோடு அவனுடைய கள்ள உறவையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். நம் பாட்டிகள் பொறுத்துப் போனதற்கு விசுவாசத்தோடு இந்தச் சட்டமும் ஒரு காரணம். இப்போது அக்காவின் கணவர் மறுபடி வந்து மிரட்டினால், பெண்களுக்கான உதவி எண் 181க்கு அழைக்கத் தயங்க வேண்டாம்.

கடினமான பகுதியையும் மறைக்காமல் சொல்கிறேன். பிரிந்தாலும், அரசு நீதிமன்றம் விவாகரத்தே கொடுத்தாலும், திருச்சபையின் கண்ணில் திருமணப் பிணைப்பு அப்படியே இருக்கிறது. இருவரும் உயிரோடு இருக்கும்வரை வேறு திருமணம் இல்லை. திருமுழுக்குப் பெற்ற இருவர் செல்லும்படியாக மணந்து, இல்வாழ்க்கையும் தொடங்கிவிட்டால், திருத்தந்தையாலும் அந்தப் பிணைப்பை அவிழ்க்க முடியாது. உங்கள் அக்காவின் வயதில் இது எவ்வளவு பெரிய சுமை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் இதை நம்புகிறேன். எங்கள் பங்கில் பக்கவாதத்தில் விழுந்த மனைவியை வருடக்கணக்காகக் குளிப்பாட்டி, தலைவாரி, பூசைக்குச் சக்கர நாற்காலியில் கூட்டி வரும் ஒருவர் இருக்கிறார். 'உடல்நலத்திலும் நோயிலும்' என்று சொன்ன நாளில் இந்த நோய் வரும் என்று அவருக்குத் தெரியாது. என்ன வரும் என்று தெரியாமலே கொடுப்பதால்தான் அந்த வாக்குக்கு இத்தனை மதிப்பு என்று நினைக்கிறேன்.

சரி, 'செல்லாத திருமணம்'. இது விவாகரத்தின் இன்னொரு பெயர் இல்லை. வாழ்க்கை எப்படி முறிந்தது என்பதைவிட, பலிபீடத்தின் முன் நின்ற அன்று இருவரும் கொடுத்த சம்மதம் உண்மையானதா என்பதைத்தான் மறைமாவட்ட நீதிமன்றம் விசாரிக்கும். மிரட்டிச் சம்மதிக்க வைத்தார்களா, திருமண வாழ்வையே பாதிக்கக்கூடிய ஒன்றை ஏமாற்றி மறைத்தார்களா, திருமணத்தின் கடமைகளை ஏற்க முடியாத அளவுக்கு மனநிலைக் கோளாறு இருந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். சாட்சிகளை விசாரிப்பார்கள். திருமணம் செல்லும் என்று வாதாடவே ஒருவரை நியமித்திருப்பார்கள். முன்பு, செல்லாது என்று இரண்டு தீர்ப்புகள் ஒத்துவர வேண்டும். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதை ஒன்றாகக் குறைத்தார். செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும் பிள்ளையின் பிறப்புக்கு எந்தக் களங்கமும் வராது. ஆனால் இந்தத் தீர்ப்பு அரசுச் சட்டத்தின் முன் நிற்காது. உச்ச நீதிமன்றம் இதை 1996இலும் 2017இலும் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரண்டு இடத்திலும் தனித்தனியாகத்தான் போக வேண்டும். அக்காவின் கணவருக்குக் குடிப்பழக்கம் திருமணத்துக்கு முன்பே இருந்து, அதை மறைத்துக் கட்டிவைத்தார்களா? மறைமாவட்ட நீதிமன்றத்துக்கு எழுதிக்கொடுக்கும்போது அதை விவரமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் சரியானதுதான். வாழ்நாள் முழுவதற்குமான இந்தப் பிணைப்பு முழுவதும் உங்கள் இருவரின் சம்மதத்தின் மேல்தான் நிற்கிறது. குருவானவர் திருச்சபையின் சார்பில் அதைக் கேட்டுப் பெறுகிறவர். உங்களுக்குப் பதிலாக அப்பாவோ மாமாவோ அந்தச் சம்மதத்தைக் கொடுக்க முடியாது. 1563இல், திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் குருவும் இரண்டு சாட்சிகளும் இல்லாத திருமணம் செல்லாது என்று விதித்தது. பெற்றோர் சம்மதம் இல்லாத திருமணமும் செல்லாது என்று சேர்க்கும்படி பிரான்ஸ் தரப்பு வற்புறுத்தியது. சங்கம் மறுத்துவிட்டது. நம்மூரில் என்ன நடக்கிறது? தேதி குறித்து, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, பத்திரிகை அடித்த பிறகுதான் திருமணப் பயிற்சி வகுப்புக்கே அனுப்புகிறோம். அப்புறம் பங்குத்தந்தை தனியாக உட்காரவைத்து, 'யாராவது வற்புறுத்தினார்களா?' என்று கேட்கும்போது எந்தப் பெண் வாய் திறப்பாள்? பிரிந்து வந்தவளைக் கேள்வி கேட்கும் ஊர், இந்த இடத்தில் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. எனக்கு ஆற்றாமையே இதில்தான்.

அதனால் ஓலை வாசிக்கும் முன்பே அந்தப் பையனோடு உட்கார்ந்து பேசுங்கள். குடி, கடன், பிள்ளைகள், வேலை, யார் வீட்டில் இருப்பது, கோபம் வந்தால் என்ன செய்வார் என்று எல்லாவற்றையும் கேளுங்கள். மூன்று ஓலை வாசிக்கிற வழக்கமே, ஏதாவது தடை இருந்தால் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும் என்றுதான். அவர் ஊரில் விசாரியுங்கள். பங்குத்தந்தை கேட்கும்போது மனதில் இருப்பதையே சொல்லுங்கள், தயக்கம் இருந்தால் தயக்கத்தையும். தள்ளிவைக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஓலை வாசித்த பிறகும், பத்திரிகை கொடுத்து முடித்த பிறகும், வாக்கைச் சொல்லும் அந்த நிமிடம்வரை உண்டு.